ஏழு எழுத்துக் காய்கள்

ஈ, ஐ, எல், என், எஸ், டீ. ஆங்கிலத்தின் இந்த ஆறு எழுத்துகளில் ஒன்றைக்கூட விடாமல் ஒரு சொல் அமைக்கச் சொன்னால், பெரும்பாலோர் முதலில் சொல்வது 'சைலன்ட்'. கொஞ்ச நேரம் கொடுத்தால் 'லிசன்' வரும். அதோடு பலர் நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் இன்னும் மூன்று சொற்கள் உண்டு: டின்சல், என்லிஸ்ட், இன்லெட்ஸ். முதலாவது ஜிகினா, இரண்டாவது படையில் சேர்வது, மூன்றாவது கடல் நிலத்துக்குள் புகுந்த சிறு கழிகள். மௌனத்துக்கும் ஜிகினாவுக்கும் கழிமுகத்துக்கும் பொருளில் ஓர் ஒட்டுறவும் கிடையாது. ஒரே ஆறு எழுத்துகளிலிருந்து பிறந்தவை என்பது மட்டும்தான் உறவு.

தமிழ் மீடியத்தில் படித்த ஒரு பையனுக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்தது. தமிழில் எழுத்தும் ஒலியும் சேர்ந்தே நடக்கும். எழுத்து இருக்கும் இடத்தில் அதன் ஒலியும் இருக்கும். ஆங்கிலத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. 'லிசன்' என்ற சொல்லில் டீ நடுவில் உட்கார்ந்திருக்கும், வாய் அதைச் சொல்லாது. 'சைலன்ட்'டில் 'ஐ' என்று முழுசாக ஒலிக்கும் எழுத்து 'லிசன்'னில் 'இ' என்று சுருங்கிவிடும். அதனால் ஆங்கிலச் சொல்லைக் காதால் தேடினால் கிடைக்காது. கண்ணால்தான் தேட வேண்டும். கண்ணால் தேடுவதற்குச் சரளமாகப் பேசத் தெரிய வேண்டியதில்லை. அவன் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது அந்த வழியாகத்தான்.

கும்பகோணத்தில் அவனுடைய அப்பா ஒரு ஜாப் பிரஸில் கம்பாசிட்டர். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பில் புக், கோயில் திருவிழா நோட்டீஸ், எப்போதாவது ஏதாவது ஒரு கடைக்கு ஆங்கிலத்தில் லெட்டர் பேட். 1970களின் கடைசியில், லீவு நாட்களில் அவனுக்கு அங்கே ஒரு வேலை உண்டு. ட்ரெடிலில் ஓடி முடிந்த ஃபாரத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு ஈய எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். எழுத்துப் பிரிக்கிற வேலை.

நாலைந்து வரிகளைச் சிதறாமல் இடது கையில் ஏந்திக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு சொல்லை மட்டும் வலது கை விரல்களுக்கு இடையில் எடுத்து, அதைப் படித்துக்கொண்டே, எழுத்தெழுத்தாக அறைகளுக்கு மேலே கையைக் கொண்டுபோய் விட வேண்டும். எழுத்தின் முகம் இடவலம் மாறியிருக்கும். வரியைத் தலைகீழாகப் பிடித்து இடமிருந்து வலமாகப் படிப்பதுதான் பழக்கம். அந்த நிலையில் 'என்' எது, 'யூ' எது என்று கண் தடுமாறும். எழுத்தின் உடம்பில் ஒரு பக்கமாக ஒரு சின்னப் பள்ளம் வெட்டியிருப்பார்கள்; அதை விரலால் தடவினால் எது மேல், எது கீழ் என்று தெரிந்துவிடும். ஒரு தப்பு செய்தால், அடுத்து கம்போஸ் செய்கிறவர் கையை விட்ட இடத்தில் வேறு எழுத்து அகப்படும். ஆகவே அப்பா பக்கத்திலேயே நின்று பார்ப்பார்.

அப்படித்தான் அவன் 'இன்வாய்ஸ்', 'ப்ரொப்ரைட்டர்', 'கொட்டேஷன்' போன்ற சொற்களைப் பொருள் தெரிவதற்கு முன்பே கழற்றிப் போட்டான். கழற்றும்போது சில விஷயங்கள் தாமாகவே கண்ணில் பட்டன. டீ, ஐ, ஓ, என் என்ற நான்கும் சொல்லின் கடைசியில் ஒரு கூட்டமாகவே வந்தன. ஐ, என், ஜி என்ற மூன்றும் அதே மாதிரி. க்யூவை எடுத்தால் அடுத்து யூதான். எச்சுக்கு முன்னால் அநேகமாக டீயோ, எஸ்ஸோ, சியோ நின்றது.

இன்னொன்று, இந்த அறைகள் கொண்ட பெட்டியின், அதாவது கேஸின் அமைப்பு. தமிழ் கேஸ் அகலமாக விரிந்து கிடக்கும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, லை, ளை போன்றவற்றுக்கு இப்போதைய வடிவத்தைக் கொண்டுவந்த பிறகுதான் அதில் சில அறைகள் மெல்ல மெல்லக் காலியாயின. ஆங்கில கேஸ் அடக்கமானது. அதில் ஈ எழுத்துக்கு மட்டும் நடுவில், கை தானாகப் போய் விழும் இடத்தில், எல்லாவற்றையும் விடப் பெரிய அறை. ஜே, க்யூ, எக்ஸ், இசட் எல்லாம் சின்னச் சின்ன அறைகளில். ஏன் என்று கேட்டதற்கு அப்பா சொன்னார்: "எது அடிக்கடி செலவாகுதோ அது கைக்கிட்ட இருக்கணும்டா. இங்கிலீஷ்ல ஈ இல்லாம ஒரு வரி ஓட்ட முடியாது."

அப்பா அனுபவத்தில் சொன்ன இந்தக் கணக்கைத்தான் உலகின் முதல் தந்திக் குறியீடுகளில் ஒன்றும் நம்பியிருந்தது என்பதை அவன் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டான். சாமுவேல் மோர்ஸும் அவருடைய கூட்டாளி ஆல்ஃபிரட் வெய்லும் குறியீட்டை அமைத்தபோது, அச்சுக்கூடத்தில் எந்த எழுத்து எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். ஈ 12,000, டீ 9,000, ஏ, ஐ, என், ஓ, எஸ் ஒவ்வொன்றும் 8,000. மறு கோடியில் க்யூ 500, ஜேயும் எக்ஸும் 400, இசட் வெறும் 200. அதிகம் வரும் எழுத்துக்குக் குறைந்த நேரம்: ஈக்கு ஒரே ஒரு புள்ளி, டீக்கு ஒரே ஒரு கோடு. லினோடைப் இயந்திரத்தின் விசைப்பலகையும் இதே வரிசையைப் பின்பற்றியது. முதல் இரண்டு செங்குத்து வரிசைகளில் இருந்தவை ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் 12 எழுத்துகள். ஈய எழுத்துகளை அறையில் போடும் பையன் தன்னை அறியாமல் அந்தப் புள்ளிவிவரத்தைத்தான் விரலால் பழகிக்கொண்டிருந்தான்.

அந்தப் பழக்கம் பயன்பட்டது சென்னையில். 1980களின் நடுவில் வங்கித் தேர்வு எழுதி வேலை கிடைத்து, திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறையில் தங்கினான். கிளையில் பாதிப் பேச்சு ஆங்கிலத்தில் நடக்கும். கவுன்டரில் யாராவது ஆங்கிலத்தில் கேட்டால், பதில் வாக்கியத்தை மனசுக்குள் ஒருமுறை கட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். சாப்பாட்டு இடைவேளையில் ரிக்ரியேஷன் கிளப்பில் கேரம் போர்டைச் சுற்றிக் கூட்டம் இருக்கும். மூலையில் இருந்த மேஜையில் தலைமைக் காசாளர், ரிட்டயர்மென்டை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், ஸ்கிராபிள் பலகையை விரித்து வைத்திருப்பார். எல்லாருக்கும் அவர் மேடம். எதிரே உட்கார ஆள் கிடைப்பது அபூர்வம். ஒருநாள் அவனைக் கூப்பிட்டார்.

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது மேடம்."

"பேசவா போறோம்? உக்காருங்க தம்பி."

ஸ்கிராபிளின் கணக்கு எளிது. பலகையில் பதினைந்துக்குப் பதினைந்து, மொத்தம் 225 கட்டம். பையில் 100 காய்கள். அதில் இரண்டு வெற்றுக் காய்கள். எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளலாம். மீதி 98இல் ஈ மட்டும் 12. ஏயும் ஐயும் ஒன்பது ஒன்பது. ஓ எட்டு. க்யூ, இசட், ஜே, எக்ஸ், கே ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. அடிக்கடி வரும் எழுத்துக்கு ஒரு புள்ளி, அரிதான க்யூவுக்கும் இசட்டுக்கும் பத்துப் புள்ளி. ஆட்டக்காரர் முன்னால் எப்போதும் ஏழு காய்கள். அந்த ஏழையும் ஒரே சொல்லாக வைத்துவிட்டால் 50 புள்ளி கூடுதல்.

பையிலிருந்து காய்களைக் கொட்டி எண்ணிக்கையை அவன் பார்த்தபோது அது பழக்கப்பட்ட கணக்காகவே இருந்தது. அதற்குக் காரணமும் உண்டு. இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு கட்டிடக் கலைஞர். 1930களின் பொருளாதார நெருக்கடியில் வேலை போனவர். எட்கர் ஆலன் போவின் 'தி கோல்ட் பக்' என்ற கதையில், ஒரு ரகசியக் குறிப்பை எந்தக் குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணியே உடைப்பார்கள். அந்த யோசனை பட்ஸைப் பிடித்துக்கொண்டது. நியூயார்க் டைம்ஸ் முதலிய பத்திரிகைகளை எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று கையாலேயே எண்ணிக் கோடு போட்டார். காய்களின் எண்ணிக்கையும் புள்ளியும் அந்த எண்ணிக்கையிலிருந்து வந்தவை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவர் வேண்டுமென்றே கணக்கை மீறினார். எஸ் எழுத்தை நான்கோடு நிறுத்தினார். நிறைய எஸ் கொடுத்தால் எல்லாரும் பன்மை போட்டே ஜெயித்துவிடுவார்கள் என்பது அவர் கவலை.

முதலில் 'லெக்சிகோ', பிறகு 'கிரிஸ் கிராஸ் வேர்ட்ஸ்' என்று பெயர் மாற்றிப் பார்த்தார். எந்தக் கம்பெனியும் வாங்கவில்லை. 1948இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் கையில் எடுத்து 'ஸ்கிராபிள்' என்று பெயர் வைத்து, கனெக்டிகட்டில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டிடத்தில் வைத்துத் தயாரித்தார். 1949இல் 2,400 பெட்டிகள் செய்து 450 டாலர் நஷ்டம். 1952க்குப் பிறகுதான் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. பட்ஸ் குடியிருந்த ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில், 35ஆவது அவென்யூவின் தெருப் பலகையில் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே ஸ்கிராபிள் புள்ளியையும் போட்டு அவரைக் கௌரவித்திருக்கிறார்கள்.

மேடம் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் எந்தப் புத்தகத்திலும் அவன் பார்த்திராதது.

"வார்த்தையத் தேடாதீங்க தம்பி. முதல்ல எழுத்த அகர வரிசையில அடுக்குங்க. அப்புறம் எது எதோட சேரும்னு பாருங்க."

ஏழு வெவ்வேறு எழுத்துகளை 5,040 வகையில் வரிசைப்படுத்தலாம். எல்லாவற்றையும் முயன்று பார்க்க யாராலும் ஆகாது. ஆனால் எழுத்துகளுக்குப் பழக்கங்கள் உண்டு. ஐ, என், ஜி மூன்றும் கையில் இருந்தால் அவற்றை வலது ஓரத்துக்குத் தள்ளிவிடலாம். பாக்கி நான்கு எழுத்துதான், 24 வரிசைதான். ஈயும் ஆரும் இருந்தால் முன்னாலும் வைத்துப் பார்க்கலாம், பின்னாலும் வைத்துப் பார்க்கலாம். யூவும் என்னும் முன்னால், ஈயும் எஸ்ஸும் டீயும் பின்னால். இப்படி 5,040ஐ இருபது முப்பதாகக் குறைத்துவிட்டால் மிச்சத்தைக் கண் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது பாடம் 'ரெட்டினா'. விழித்திரை. ஆர், ஈ, டீ, ஐ, என், ஏ என்ற ஆறும் ஆங்கிலத்தில் மிக அதிகம் புழங்கும் எழுத்துகள். எல்லாம் ஒரு புள்ளிக் காய்கள். அந்த ஆறைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஏழாவதுக்குக் காத்திருக்கச் சொன்னார் மேடம். எஸ் வந்தால் ரீடெய்ன்ஸ், நாஸ்டியர், ஸ்டெய்னர், ரெட்டினாஸ், கொழுப்பில் உள்ள ஸ்டியரின், கிரேக்க நாட்டு ஒயினான ரெட்சினா என்று வரிசையாக வரும். யூ வந்தால் யூரினேட். இன்னொரு ஆர் வந்தால் ட்ரெய்னர், டெரெய்ன். இன்னொரு ஈ வந்தால் ட்ரெய்னீ. இன்னொரு ஐ வந்தால் இனர்ஷியா. ஒரு புள்ளிக் காய்களை யாரும் மதிப்பதில்லை. க்யூவும் இசட்டும் வந்தால் முகம் மலரும். ஆனால் 50 புள்ளியைக் கொண்டுவருபவை அந்த மலிவான எழுத்துகள்தான். இதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து அவன் ஆட்டம் மாறியது.

க்யூவுக்குத் தனியாக ஒரு பாடம். யூ கையில் இல்லாதபோது க்யூ வந்துவிட்டால் பாதிப் பேர் திகைத்துப்போவார்கள். யூ இல்லாமலும் க்யூ வாழும் சொற்கள் உண்டு என்பதும், அவற்றில் பல அரபுப் பக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தவை என்பதும் சேம்பர்ஸ் அகராதியைப் புரட்டப் புரட்டத் தெரிந்தது. அரபு நாட்டில் மெல்லும் 'காத்' என்ற இலை, 'ஃபகீர்', பாரசீகத்து நிலத்தடி வாய்க்காலான 'கனாத்', எபிரெய எழுத்தான 'கோஃப்'. சீனர்கள் உயிராற்றல் என்று சொல்லும் 'சீ'யை க்யூ, ஐ என்ற இரண்டே எழுத்தில் எழுதுவார்கள். அது பின்னாளில் ஸ்கிராபிள் பட்டியலில் ஏறியதும் க்யூவைப் பற்றிய பயம் பாதி தீர்ந்தது. தமிழிலிருந்து போன சுருட்டும் 'செரூட்' ஆகி ஏழு எழுத்தில் அகராதியில் உட்கார்ந்திருக்கிறது; வெட்டிவேரும் அப்படியே ஏழு எழுத்து. இப்போதைய பட்டியலில் 'தோசா'வுக்கு இரண்டு பன்மை: எஸ் போட்டு ஒன்று, ஐ போட்டு 'தோசை' என்று இன்னொன்று.

சின்னச் சொற்களும் முக்கியம். காலின்ஸ் ஸ்கிராபிள் சொற்பட்டியலின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் மொத்தம் 2 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் இருந்தன. அதில் ஈரெழுத்துச் சொற்கள் 127. ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துபவை இந்த 127தான். ஒரு சொல்லை இன்னொரு சொல்லுக்கு ஒட்டி வைக்க இவை இல்லாமல் முடியாது. வீ எழுத்துக்கு ஈரெழுத்துச் சொல் ஒன்றுகூட இல்லை என்பதால், எதிராளி வழியை அடைக்க வீயைக் கொண்டுவந்து வைப்பார்கள். மேடம் இதில் கெட்டிக்காரர். ஒரு வீயை நடுவில் வைத்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து நிதானமாகச் சாப்பிட ஆரம்பிப்பார்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியாரிடம் இதைப் பற்றிப் பேசினான். அவன் கொண்டுபோயிருந்தது ஆங்கிலத்தில் பிரபலமான ஒரு ஒன்பது எழுத்துச் சொல்: 'ஸ்டார்ட்லிங்', திடுக்கிட வைப்பது. அதிலிருந்து எல்லை எடுத்தால் ஸ்டார்ட்டிங். ஒரு டீயை எடுத்தால் ஸ்டேரிங். ஏயை எடுத்தால் ஸ்ட்ரிங். ஆரை எடுத்தால் ஸ்டிங். டீயை எடுத்தால் சிங். ஜியை எடுத்தால் சின். எஸ்ஸை எடுத்தால் இன். என்னை எடுத்தால் கடைசியில் 'ஐ', நான். ஒவ்வொரு படியிலும் முழுச் சொல்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது அக்கரச் சுதகம்பா" என்றார். தண்டியலங்காரம் சித்திரகவிகளைச் சொல்லும் இடத்தில் இது வருகிறது: ஒரு சொல்லிலிருந்து ஓர் எழுத்தை நீக்க ஒரு பொருள், இன்னோர் எழுத்தை நீக்க இன்னொரு பொருள். எழுத்தைச் சேர்த்துக்கொண்டே போனால் எழுத்து வருத்தனம். ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொன்றை ஒளித்து வைத்தால் கரந்துறைச் செய்யுள். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றில் திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். "நம்ம ஆளுங்க எழுத்த வச்சு ஆடாத ஆட்டமா?" என்று வாத்தியார் அன்று சாயங்காலம் முழுக்க உதாரணம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட பிறகு அவனுக்கு இந்த ஆட்டம் வெளியூர்ச் சரக்காகத் தோன்றவே இல்லை.

மேடம் ரிட்டயர் ஆகிப் போன பிறகும் அவன் விடவில்லை. ஆட்டம் அவனுக்குத் தந்தது புள்ளிகளை மட்டுமல்ல. கான்வென்ட்டில் படித்த மேனேஜரும் அவனும் ஒரே பலகைக்கு இரு பக்கம் உட்கார்ந்தால், உச்சரிப்பு அங்கே செல்லாது. யார் எந்தப் பள்ளி, வீட்டில் என்ன மொழி என்று பலகை கேட்காது. கேட்பது ஒன்றே ஒன்று: இந்த எழுத்துகளில் என்ன இருக்கிறது என்று பார்த்தாயா? சந்தேகம் வந்தால் அகராதியைத் திறப்பார்கள். இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் காயை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இதில் கிடைத்த தைரியம் கவுன்டர் வரைக்கும் அவனோடு வந்தது.

இது அவனுடைய சொந்த அனுபவம் மட்டுமில்லை என்பதை உலகப் போட்டிகளின் செய்திகள் காட்டின. 2003இல் கோலாலம்பூரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பை வென்றவர் தாய்லாந்தின் பானுபோல் சுஜ்ஜயாகோர்ன். 2009இல் ஜொகூர் பாருவில் வென்றவரும் தாய்லாந்துக்காரர்தான், பகோர்ன் நெமித்ரமன்சுக். தாய்லாந்தில் ஆங்கிலம் தாய்மொழியும் இல்லை, ஆட்சிமொழியும் இல்லை. 2015இல் பெர்த்தில் நைஜீரியாவின் வெலிங்டன் ஜிகெரே வென்று, அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் ஆனார். நீண்ட சொற்களை மட்டும் துரத்தாமல் ஐந்தெழுத்துச் சொற்களை அளந்து வைப்பது அந்நாட்டு ஆட்டக்காரர்களின் பாணி.

2007இல் போட்டி மும்பைக்கு வந்தது. இறுதிச் சுற்றில் நியூஸிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸுக்கு எதிரே உட்கார்ந்தவர் மலேசியாவின் கணேஷ் ஆசீர்வாதம். பேப்பரில் அந்தப் பெயரைப் பார்த்ததும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரிச்சர்ட்ஸ்தான் ஜெயித்தார். ஆனால் ஆங்கிலச் சொற்களில் உலகின் முதல் இருவர் யார் என்ற கேள்விக்குப் பதிலாக அப்படி ஒரு பெயர் அச்சில் வந்ததே அவனுக்குப் பெரிய சந்தோஷம். செய்தியைக் கத்தரித்து அகராதிக்குள் வைத்தான்.

ரிச்சர்ட்ஸின் கதை இன்னும் விசேஷமானது. 2007, 2011, 2013, 2018, 2019 என்று ஐந்து முறை ஆங்கிலத்தில் உலகச் சாம்பியன். 2015இல் ஒன்பது வாரம் போல பிரெஞ்சுச் சொற்பட்டியலைப் படித்துவிட்டு பெல்ஜியத்துக்குப் போய், பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வாங்கிவந்தார். அவருக்கு பிரெஞ்சு பேசத் தெரியாது. 2024இல் ஸ்பெயினின் கிரானடாவில் ஸ்பானியப் பட்டத்தையும் அதே மாதிரி வென்றார். இதெல்லாம் மொழியறிவா என்று வீட்டில் ஒருநாள் பெரிய வாக்குவாதம். பொருள் தெரியாமல் சொல்லை வைப்பதில் என்ன பெருமை என்றாள் மனைவி. அவன் ஒத்துக்கொள்ளவில்லை. பொருளைத் தெரிந்துகொண்டு எழுத்தைக் கவனிக்காதவர்களை நாம் படித்தவர்கள் என்கிறோம். எழுத்தை இவ்வளவு ஆழமாகக் கவனித்தவருக்கும் அந்த மரியாதையில் ஒரு பங்கு உண்டு என்பது அவன் கட்சி. கும்பகோணத்தில் ஆங்கிலம் பேசத் தெரியாமலே ஆங்கிலத்தைப் பிழையில்லாமல் கோத்த கம்பாசிட்டர்கள் எத்தனையோ பேர். அப்பா அவர்களில் ஒருவர்.

மகள் பெங்களூரில் மென்பொருள் வேலையில் சேர்ந்த பிறகு இதில் இன்னொரு கதவு திறந்தது. கொடுத்த எழுத்துகளில் என்னென்ன சொற்கள் உண்டு என்று கம்ப்யூட்டர் எப்படி நொடியில் சொல்கிறது என்று அவளிடம் கேட்டான். அகராதியில் உள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசையில் அடுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் என்றாள். 'சைலன்ட்', 'லிசன்', 'டின்சல்' மூன்றையும் அடுக்கினால் மூன்றுக்கும் ஈ, ஐ, எல், என், எஸ், டீ என்று ஒரே வரிசைதான் வரும். அந்த வரிசையை அடையாளமாக வைத்து ஒரே அடையாளம் உள்ளவற்றை ஒரே கட்டாகக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஜான் பென்ட்லி எழுதி 1986இல் வந்த 'ப்ரோகிராமிங் பேர்ல்ஸ்' என்ற புத்தகத்தில் இதைப் பாடமாகவே வைத்திருக்கிறார் என்று பக்கத்தைத் திறந்து காட்டினாள். அவன் நெகிழ்ந்துபோனான். கிளப் மேஜையில் மேடம் முதல் நாள் சொன்ன அதே பாடம்.

இப்போது மகள் தினமும் காலையில் போனில் 'ஸ்பெல்லிங் பீ' ஆடுகிறாள். நியூயார்க் டைம்ஸ் நடத்துவது. தேன்கூட்டு அறைகளில் ஏழு எழுத்து. நடு எழுத்து ஒவ்வொரு சொல்லிலும் வந்தாக வேண்டும். நான்கு எழுத்துக்குக் குறையக் கூடாது. ஒரே எழுத்தை எத்தனை தடவையும் போடலாம். ஏழும் வரும் சொல்லுக்கு 'பான்கிராம்' என்று பெயர். ஜோஷ் வார்டில் 2021இல் வெளியிட்ட 'வேர்டில்' வந்தபோது ஊரே ஐந்தெழுத்துக்குள் மூழ்கிக் கிடந்தது. அப்போது மகளோடு அவனும் ஆடினான். எந்த எழுத்தை முதலில் சோதிப்பது என்று அவள் கேட்டால், ஈ, டீ, ஏ என்று யோசிக்காமலே சொல்வான்.

ரிட்டயர் ஆன பிறகு, பக்கத்துக் கிளை நூலகத்தில் சனிக்கிழமை மதியங்களில் பிள்ளைகளோடு உட்காருகிறான். பெரும்பாலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள், ஏழாவதிலிருந்து பத்தாவது வரை. முதல் நாளே பொருள் கேட்டுப் பயமுறுத்துவதில்லை. அட்டையில் வெட்டிய எழுத்துகளைக் கையில் கொடுத்து அடுக்கச் சொல்வான். சொல்லைக் கண்டுபிடித்த பிறகு அகராதியைத் திறந்து பொருளை அவர்களே வாசிக்க வேண்டும். தானே கண்டெடுத்த சொல்லின் பொருளைப் பிள்ளைகள் மறப்பதில்லை. பாடப்புத்தகத்தில் அடிக்கோடு போட்ட சொற்களை இரண்டு நாளில் மறந்துவிடுகிறார்கள்.

இந்த மாதம் சுவரில் 'ரெட்டினா' ஒட்டியிருக்கிறது. கீழே 26 எழுத்துக்கும் 26 கட்டம். ஏழாவது எழுத்தாக எது வந்தால் என்ன சொல் என்று கண்டுபிடிக்கிறவர் அந்தக் கட்டத்தில் எழுதிப் பெயர் போட்டுக்கொள்ளலாம். சி கட்டத்தில் 'செர்டன்' முதல் வாரமே ஏறிவிட்டது. கேயில் 'கெரட்டின்' எழுதியவள் பத்தாம் வகுப்புப் பெண். முடியும் நகமும் எதனால் ஆனவை என்ற அறிவியல் பாடத்திலிருந்து பிடித்தாளாம். அப்பா கல் பட்டறையில் வேலை செய்யும் பையன் ஜியில் 'கிரானைட்' போட்டான். எம்மில் 'மினரெட்', மசூதிக் கோபுரம். எல்லில் மட்டும் மூன்று பேர் மூன்று சொல் எழுதி, இடம் போதாமல் கட்டத்துக்கு வெளியே நீட்டியிருக்கிறார்கள். எஃபிலும் எச்சிலும் இன்னும் யாரும் கை வைக்கவில்லை. இரண்டிலும் சொல் உண்டு, இரண்டும் அவர்களுக்குத் தெரிந்த சொற்கள்தான் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அடுத்த சனிக்கிழமை வரை அதற்கு மேல் வாயைத் திறக்கப்போவதில்லை.